பழைய ஃபோர் வீல் பிக்கப்பை வீட்லயே சரி பண்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்கிட்ட இருக்கறது 80-கள்ல வந்த டொயோட்டா ஹைலக்ஸ், பெட்ரோல், 22ஆர் இன்ஜின், முன்னாடி பின்னாடி ரெண்டுமே கமான் பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்). வீட்டு ஷெட்ல லீவு நாளும் ராத்திரியுமா வேலை பாத்து ஓட்டத்துக்கு கொண்டு வந்தேன். இதே மாதிரி வண்டி வாங்கினவங்களும் வாங்கப் போறவங்களும் என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்டத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். உதாரணம் ஹைலக்ஸ்ல இருந்து வந்தாலும், சேஸிஸ் மேல பாடி உக்காந்திருக்கற எந்தப் பழைய பிக்கப்புக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

வாங்கறதுக்கு முன்னாடி முதல்ல எத பாக்கணும்?

சேஸிஸ். பெயின்ட் மங்கியிருக்கா, சீட் கிழிஞ்சிருக்கா, இன்ஜின் புகை விடுதா, இதெல்லாம் அப்பறம். இன்ஜின மாத்தலாம், கியர்பாக்ஸ மாத்தலாம், சேஸிஸ் போச்சுன்னா அது வேற வண்டி.

ஒரு சின்ன சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துட்டு கீழ படுங்க. சேஸிஸ் நீளத்துக்கும் தட்டிட்டே போங்க. நல்ல இரும்பு "டங்"னு சொல்லும், உள்ள அரிச்ச இடம் "தொப்"னு சொல்லும், ஒரு பத்து தட்டுலயே காது பழகிடும். சேஸிஸ் பெரும்பாலும் பெட்டி மாதிரி மூடின இரும்பு, சேறும் தண்ணியும் உள்ள போயி தங்கி, உள்ள இருந்து வெளிய அரிக்கும், அதனால வெளிய கறுப்பு பெயின்ட் பளபளன்னு இருக்கறத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. கேபினுக்குப் பின்னாடி, பின் கமான் பட்டை மாட்டற ஹேங்கர்கிட்ட, ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் பண்ணியிருக்கற இடம், இந்த மூணையும் விட்டுடாதீங்க. நான் பாத்த ஒரு வண்டில, புதுசா அண்டர்கோட்டிங் அடிச்சிருந்த இடத்துல ஸ்க்ரூடிரைவர வச்சு லேசாத்தான் அமுக்கினேன், கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு, வெளிய இழுத்தப்ப கூடவே ஒரு கைப்பிடி சேறும் துருத் தூளும் கொட்டுச்சு. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

மொத்தமா பிரிச்சு ஒண்ணு ஒண்ணா சேத்துடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்துல ஒரே ஒரு விஷயத்த மட்டும் எடுத்துக்கறதா இருந்தா இத எடுத்துக்கங்க: ஒரு நேரத்துல ஒரு சிஸ்டம், அந்த வேலை முடிஞ்சதும் வண்டி மறுபடி தன் கால்ல நிக்கணும், ஓடணும். பிரேக் எடுத்தா பிரேக் முடிச்சு ஓட்டிப் பாத்துட்டுதான் அடுத்து கூலிங்.

ஆர்வத்துல முதல் வாரமே பின்னாடி லோடு ஏத்தற தொட்டி, கேபின், இன்ஜின்னு எல்லாத்தையும் கழட்டிடுவாங்க, அப்ப எல்லாம் சந்தோஷமா இருக்கும், ஆறு மாசம் கழிச்சு அம்பது டப்பால நட்டு போல்ட்டு, எது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாது, நடுவுல ஒரு கல்யாணம் ஒரு வேலை மாற்றம் வந்துச்சுன்னா வண்டி அப்படியே கிடந்து, கடைசில துண்டு துண்டா வித்துடுவாங்க. சேஸிஸ் முழுக்க சேண்ட் பிளாஸ்ட் பண்ணியே ஆகணும்ங்கற நிலைமைல மட்டும்தான் முழுசா பிரிக்கறதுக்கு அர்த்தம் இருக்கு. அப்பவும் ஒவ்வொரு போல்டையும் கழட்டின ஓட்டைலயே கையால ரெண்டு சுத்து மாட்டி வைங்க, வைரிங் சாக்கெட்டுக்கு டேப் ஒட்டி பேர் எழுதுங்க, கழட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கம் போட்டோ எடுங்க.

என் வரிசை இது: நிக்கணும், திரும்பணும், சூடாகாம இருக்கணும், கரென்ட் ஒழுங்கா ஓடணும். இதெல்லாம் முடிஞ்சு கம்பெனில இருந்து வந்த மாதிரியே கொஞ்ச நாள் ஓட்டினதுக்கு அப்பறம்தான் வண்டிய உயரமா தூக்கற லிஃப்டு, பெரிய டயர் எல்லாம். ஓட்டாம எது பத்தலன்னு எப்படித் தெரியும்?

வருஷக்கணக்கா நின்ன இன்ஜின, பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்கலாமா?

தயவுசெஞ்சு அடிக்காதீங்க. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவத்துல லேசா துருப் பிடிச்சு ஒட்டியிருந்தா, செல்ஃப் அடிக்கற வேகத்துல ரிங் உடைஞ்சிடும்.

ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டுங்க, ஒவ்வொரு ஓட்டைலயும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி, முடிஞ்சா ரெண்டு ராத்திரி விடுங்க. அப்பறம் கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையால மெதுவா சுத்துங்க. அசையலன்னா பலம் காட்டாதீங்க, முன்ன பின்ன கொஞ்சம் ஆட்டி, மறுபடி ஆயில் விட்டு, காத்திருங்க. ரெண்டு முழு சுத்து தடையில்லாம வந்தா பாதி கிணறு தாண்டியாச்சு. பழைய ஆயில எறக்கி புதுசு ஊத்தி ஃபில்டர் மாத்துங்க, பிளக் போடாமலே செல்ஃப் அடிச்சு ஆயில் பிரஷர் ஏறுதான்னு பாருங்க. டைமிங் பெல்ட் இருக்கற இன்ஜின்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே புது பெல்ட்.

டேங்க்ல இருக்கற பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடிக்கும், அதுல ஒரு சொட்டு கூட இன்ஜினுக்குப் போகக் கூடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு சுத்தமான கேன்ல இருந்து தனி ஹோஸ் போட்டு குடுத்தாலே போதும், டேங்க் சுத்தம் பண்றத தனி வேலையா வச்சுக்கலாம்.

இன்ஜின இறக்கணுமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது?

கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணுங்க. இன்ஜின் சூடா இருக்கணும், எல்லா பிளக்கும் வெளிய, ஆக்சிலரேட்டர் முழுசா மிதிச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கை சுத்து. வர்ற நம்பரை விட சிலிண்டருக்கு சிலிண்டர் இருக்கற வித்தியாசம்தான் நிறைய பேசும், 10-15 சதவீதத்துக்குள்ள இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. ஒரு சிலிண்டர் மட்டும் கம்மியா? அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. நம்பர் ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஏறாம அப்படியே இருந்தா வால்வு, இல்லன்னா ஹெட் பேக்கிங். பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து கம்மின்னா அது அனேகமா ஹெட் பேக்கிங்தான்.

காலைல முதல் ஸ்டார்ட்ல முன்னாடி பக்கம் கடகடன்னு சத்தம், ரெண்டு செகண்ட்ல போயிடுது. விடலாமா?

22ஆர் இன்ஜின்னா விடாதீங்க. டைமிங் செயின தாங்கற கைடு பிளாஸ்டிக், வயசானா உடையும். அப்பறம் செயின் நேரா டைமிங் கவர்ல உரசும், உரசி உரசி கவர்ல இருக்கற கூலன்ட் வழிய ஓட்டை போட்டுடும், தண்ணி ஆயிலோட கலக்கும், பால் காபி கலர்ல ஆயில் வந்தா பேரிங் வரைக்கும் போயிருக்கலாம். வால்வு கவர கழட்டி டார்ச் அடிச்சு செயின் பாதைக்குள்ள பாருங்க, கைடு உடைஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியும். மாத்தும்போது முதுகுல இரும்புத் தகடு வச்ச கைடு கிடைக்குது, அத போடுங்க, வாட்டர் பம்பையும் அதே கையோட மாத்திடுங்க, எப்படியும் அது வரைக்கும் பிரிச்சாச்சு.

பிரேக்குக்கு என்னென்ன பண்ணணும்?

என்னைக் கேட்டா, ரப்பர் எல்லாத்தையும் மாத்தணும். முப்பது நாப்பது வருஷ ஹோஸ் வெளிய நல்லா இருக்கும், உள்ள ஊதிப்போயி அடைச்சிருக்கும், மிதிக்கறப்ப பிரஷர் போகும், விட்டா திரும்பி வராது, அந்த வீல் மட்டும் பிடிச்சுட்டே ஓடும். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நாலு வீலுக்கும் கை கிட்ட கொண்டு போயிப் பாருங்க, ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அங்கதான் பிரச்சனை.

இரும்பு பைப்ப விரலால தடவிப் பாருங்க, கிளிப் மாட்டியிருக்கற இடத்துல துரு தட்டுச்சுன்னா அந்த லைன் மொத்தமும் புதுசு. வீல் சிலிண்டர் டஸ்ட் கவர விலக்கிப் பாத்து உள்ள ஈரம் இருந்தா அதுவும். பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், டாட் 4-ங்கற ரகம் புதுசா இருந்தா கொதிக்கறதுக்கு குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் ஆகணும், ஈரம் ஏறினா அது 155 வரைக்கும் இறங்கலாம். மலை இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி ஆகறது இதனாலதான். என் வண்டில முதல் தடவ ப்ளீட் பண்ணப்ப (லைன்ல இருக்கற காத்தையும் பழைய ஃப்ளூயிட்டையும் வெளிய தள்றது) ட்யூப்ல வந்தது கஷாயம் மாதிரி பழுப்பா இருந்துச்சு, அடில மணல் மாதிரி ஏதோ உக்காந்துச்சு, அரை லிட்டர் தள்ளினதுக்கு அப்பறம்தான் தேன் கலருக்கு வந்துச்சு. சிலிக்கோன்ல செஞ்ச டாட் 5-ஐ மட்டும் மத்ததோட கலந்துடாதீங்க.

பழைய ஷூ லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்ம கழட்டினதும் ஏர் அடிச்சு தூசி பறக்க விடாதீங்க, நனைச்சு துடைங்க, துணிய கவர்ல கட்டி போடுங்க.

துருப்பிடிச்ச போல்ட் கழலவே மாட்டேங்குது...

அவசரப்பட்டா தலை முறியும். பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சுட்டு அன்னிக்கே கழட்டாதீங்க, மூணு நாள் காலைல சாயங்காலம் அடிங்க. கழட்டும்போது முதல்ல கொஞ்சம் டைட் பக்கம் திருப்பி "டிக்"குனு விடுதா பாருங்க, அப்பறம் லூஸ் பக்கம், கால் சுத்து வெளிய கால் சுத்து உள்ள. அறுகோண சாக்கெட் போடுங்க, பன்னெண்டு முனை சாக்கெட் மூலைய மழுங்க வச்சுடும். அதுக்கும் மசியலன்னா நட்ட சூடு பண்ணுங்க, ஆனா பக்கத்துல ஃப்யூயல் லைன், ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் இருக்கான்னு பாத்துட்டு. கமான் பட்டையோட யு-போல்ட்ட கழட்டணும்னு யோசிக்கவே வேண்டாம், அறுத்து எறிஞ்சுட்டு புதுசு போடுங்க, ஒரு தடவ டைட் பண்ணி இழுபட்டத திரும்ப போடறது தப்பு.

துரு இருக்கற இடத்துல பட்டி போட்டு பெயின்ட் அடிச்சா போதாதா?

ஒரு மழைக்காலம் தாங்கும். ஓட்டை விழுந்த தகட்ட நல்ல இரும்பு வர்ற வரைக்கும் அறுத்து எடுத்துட்டு, அதே கனத்துல புதுத் தகடு வச்சு வெல்ட் பண்ணணும். துரு மேல இன்னொரு தகட ஒட்டறது காயத்துக்கு மேல சட்டை போடற மாதிரி, உள்ள அரிப்பு நிக்காது. ஓட்டை விழாத மேல் துருவுக்கு வயர் பிரஷ், பாஸ்ஃபாரிக் ஆசிட் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர், எபாக்சி பிரைமர். பெட்டி சேஸிஸ்க்கு உள்ள நீள ட்யூப் விட்டு கேவிட்டி வேக்ஸ் அடிங்க, தண்ணி வடியற ஓட்டைய மட்டும் அடைச்சுடாதீங்க. சேஸிஸ்ல வெல்டிங்க இப்பதான் கத்துக்கறவங்க பண்ணக் கூடாது, அதுக்கு நல்ல கை வேணும், உங்க ஊர் வாகன சோதனை விதி என்ன சொல்லுதுன்னும் முன்னாடியே கேட்டுக்கங்க.

வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி, ஆல்டர்னேட்டர் கனெக்ஷன கழட்டுங்க. பெட்ரோல் டேங்க் பக்கத்துல இருந்தா இறக்கி தூரமா வைங்க, காலியான டேங்க்தான் ரொம்ப ஆபத்து, அதுக்குள்ள இருக்கறது பெட்ரோல் ஆவி. இன்னொண்ணு, குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க, அந்த சூட்டுல ஃபாஸ்ஜீன்ங்கற விஷ வாயு உண்டாகும், உயிரே போகலாம்.

ஹெட்லைட் மங்கலா இருக்கு, பெரிய பல்ப் போடலாமா?

பல்ப் மேல தப்பு இல்ல, பெரும்பாலும் எர்த்துதான். மல்டிமீட்டர எடுத்து, லைட் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பல்ப் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் பாருங்க, அரை வோல்ட் காட்டினாலே அந்த எர்த்த கழட்டி இரும்பு மின்னற வரைக்கும் தேச்சு மாட்டுங்க. இன்ஜின்ல இருந்து சேஸிஸ், சேஸிஸ்ல இருந்து கேபின், பேட்டரில இருந்து பாடி, மூணு எர்த் வயரையும் புதுசா தடிமனா போட்டா பழைய வண்டில பாதி கரென்ட் பேய் ஓடிடும். ஓய்வுல பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் இருக்கணும்.

பழைய வண்டில ஹெட்லைட் கரென்ட் மொத்தமும் ஸ்விட்ச் வழியாவே போகறதும் உண்டு, ரிலே போட்டு பேட்டரில இருந்து நேரா குடுத்தா அதே பல்ப் எவ்ளோ வெளிச்சம் குடுக்குதுன்னு அசந்துடுவீங்க. ஃப்யூஸ் பேட்டரிக்கு பக்கத்துலயே இருக்கணும்.

கியர் ஆயில் எல்லாத்துக்கும் ஒண்ணே போதுமா?

பின் கிரவுன், முன் கிரவுன் (ஆக்ஸில் நடுவுல இருக்கற கியர் பெட்டி, டிஃப்ரன்ஷியல்) ரெண்டுக்கும் ஜிஎல்-5 ரக கியர் ஆயில். கியர்பாக்ஸுக்கு மேனுவல் என்ன சொல்லுதோ அது, ஜிஎல்-4 கேட்கற பாக்ஸ்ல ஜிஎல்-5 ஊத்தினா அதுல இருக்கற கந்தகச் சேர்க்கை பித்தளை சின்க்ரோ ரிங்க அரிக்கலாம். எதுவா இருந்தாலும் ஊத்தற போல்ட்ட முதல்ல கழட்டிப் பாருங்க, அது கழலாம வடிக்கற போல்ட்ட கழட்டிட்டா ஆயில் இல்லாத கிரவுனோட நிக்க வேண்டி வரும்.

முன் வீல் பக்கம் கறுப்பா கிரீஸ் வழியுது, என்னது அது?

முன்னாடி கட்டை ஆக்ஸில் (ரெண்டு வீலையும் ஒரே கட்டையா இணைக்கற ஆக்ஸில்) இருக்கற வண்டின்னா, வீலுக்குப் பின்னாடி பந்து மாதிரி இருக்கற ஸ்டீயரிங் நக்கிள்ல வழியும். உள்ள இருக்கற ஆக்ஸில் ஆயில் சீல் போயி, கிரவுன் ஆயில் நக்கிளுக்குள்ள வந்து கிரீஸ கரைச்சு ரசம் மாதிரி ஆக்கிடுது. நாள் முழுக்க கை அழுக்காகற வேலை, ஆனா வீட்ல பண்ணக்கூடிய வேலைதான், சீல், பேரிங், கிரீஸ் எல்லாம் ஒரே தடவைல முடிச்சுடுங்க.

அமெரிக்காவுக்குப் போன ஹைலக்ஸ்ல 1985 மாடல் வரைக்கும் இந்தக் கட்டை ஆக்ஸில், 1986-ல இருந்து டார்ஷன் பார் வச்ச இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன், அதாவது ரெண்டு முன் வீலும் தனித்தனியா மேல கீழ போகும். வேற பல நாடுகள்ல கட்டை ஆக்ஸில் அதுக்கப்பறமும் பல வருஷம் வந்துச்சு, அதனால வருஷத்த வச்சு பார்ட்ஸ் வாங்காதீங்க, கீழ குனிஞ்சு பாத்துட்டு வாங்குங்க.

எவ்ளோ இன்ச் லிஃப்டு பண்ணலாம்?

முதல்ல தொய்ஞ்சு போன பழைய பட்டைய மாத்துங்க, புஷ்ஷும், பட்டையோட முனைய சேஸிஸோட இணைக்கற ஷேக்கிளும் சேத்து. அதுலயே வண்டி இழந்த உயரம் திரும்ப வந்துடும், நிறைய பேருக்கு அதுவே போதும். அதுக்கு மேல ரெண்டு இன்ச் வரைக்கும் தலைவலி கம்மி. நாலு இன்ச்னு போனீங்கன்னா அது சஸ்பென்ஷனோட முடியாது, பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் சாய்மானம் மாறி ஜாயின்ட் அதிரும், கேஸ்டர் (முன் வீல் திரும்பற அச்சோட சாய்மானம்) மாறி ஸ்டீயரிங் நேரா நிக்காம அலையும். சேஸிஸ ஸ்டாண்ட்ல வச்சு ஆக்ஸில முழுசா தொங்க விட்டு, ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஹோஸ் எங்கயும் விறைக்குதான்னு கண்ணால பாருங்க.

நிறைய பேர் விட்டுடற விஷயம் ஒண்ணு: பின் ஆக்ஸிலோட ஒரு கம்பில இணைஞ்ச லோடு சென்ஸிங் வால்வு. தொட்டில எவ்ளோ லோடுன்னு பாத்து பின் பிரேக்குக்கு பிரஷர் விடறது அதுதான். வண்டிய தூக்கினா ஆக்ஸில் சேஸிஸ விட்டு தள்ளிப் போகுது, வால்வு தொட்டி காலின்னு நெனச்சு பின் பிரேக்க குறைச்சுடும். தூக்கின அளவுக்கு, ஆக்ஸில்ல அந்தக் கம்பி மாட்டியிருக்கற பிராக்கெட்டையும் ஏத்தணும்.

பெரிய டயர் போட்டா வண்டி இழுக்கல, ஏன்?

29 இன்ச் இருந்த இடத்துல 33 போட்டீங்கன்னா, இன்ஜினுக்கு கியர் 14 சதவீதம் நீண்டுபோன மாதிரி. 4.10 ரேஷியோ கிரவுன் இருந்தா, பழைய இழுப்பு திரும்ப வர 4.10-ஐ 33-ஆல பெருக்கி 29-ஆல வகுங்க, 4.67 வருது, ஆக 4.56, இல்லன்னா 4.88. முன் கிரவுன், பின் கிரவுன் ரெண்டும் ஒரே ரேஷியோவா இருக்கணும், ஒண்ண மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்து ஏதாவது உடையும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும், 80 காட்டறப்ப நிஜத்துல 91. நீட்டமாகற பிரேக் தூரத்தையும் சேத்து யோசிங்க. என் வண்டில 31-ஓட நிறுத்திட்டேன், எனக்குப் போற வழிக்கு அது தாராளம்.

வண்டியோட வந்த டயர் பட்டன் நல்லா இருக்குன்னு நம்பாதீங்க, பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2318-ன்னா 2018-ம் வருஷம் 23-வது வாரம். பத்து வருஷம் தாண்டினது எப்படி இருந்தாலும் வேண்டாம்.

தார் ரோட்ல ஃபோர் வீல் போட்டு ஓட்டலாமா?

பார்ட் டைம் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்னா, அதாவது தேவைப்படறப்ப மட்டும் முன் வீலுக்கும் சக்தி பிரிச்சுக் குடுக்கற பெட்டின்னா, காஞ்ச ரோட்ல கூடாது. திரும்பும்போது முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் ஓடும், நடுவுல விட்டுக்குடுக்க டிஃப்ரன்ஷியல் கிடையாது, ஷாஃப்ட் முறுக்கேறும்.

வின்ச் (வண்டிய இழுக்கற மோட்டார் கயிறு), ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு உயரத்துல இருந்து காத்து எடுக்கற குழாய்), லாக்கர் (ஆக்ஸிலோட ரெண்டு வீலையும் சேந்து சுத்த வைக்கறது), இதுல எது முதல்ல?

மூணும் இல்ல. சேஸிஸ்ல போல்ட் பண்ணின தரமான டோ ஹூக், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ட்ரெய்லர் மாட்டற உருண்டைல கயிறு போட்டு சிக்கின வண்டிய இழுக்காதீங்க, அது பிச்சுட்டு வந்தா குண்டு மாதிரி பறக்கும், ஆள் செத்திருக்காங்க. வின்ச் வாங்கினா வண்டியோட முழு லோடு எடைல ஒன்றரை மடங்கு இழுக்கற சக்தி இருக்கணும்.

ஜாக் மேல நிக்கற வண்டிக்கு கீழ போகலாமா?

கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் மேல நிறுத்தினாலும் கூடாது, அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். சமமான தரை, சேஸிஸுக்கு கீழ எடை தாங்கற ஸ்டாண்ட், எதிர் வீலுக்கு கட்டை. கீழ போறதுக்கு முன்னாடி தொட்டிய பிடிச்சு நல்லா ஆட்டுங்க, விழறதா இருந்தா நீங்க வெளிய இருக்கும்போதே விழட்டும். நான் கழட்டின ஒரு வீலையும் எப்பவும் சேஸிஸுக்கு கீழ படுக்கப் போட்டு வைப்பேன்.

எவ்ளோ நாள் ஆகும்?

வாரத்துக்கு ஒரு நாள் வேலைன்னா நல்ல சேஸிஸ் இருக்கற வண்டிய பத்திரமா ஓட்டற நிலைமைக்கு கொண்டு வர எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல நாலு மாசம் பார்ட்ஸுக்கு காத்திருந்ததுதான். முதல் தடவ பிரேக் ஒரே சீரா பிடிச்சு, கைய விட்டா கூட நேரா நின்ன அந்த சாயங்காலத்த நான் மறக்கல, அப்ப வண்டில பெயின்ட் கூட கிடையாது, வெறும் பிரைமர்தான்.

தண்ணில இறக்கிட்டு வந்ததும் கிரவுன் ஆயில் பால் மாதிரி வருதே?

ஓடி ஓடி சூடான கிரவுன் ஹவுசிங் சில்லுன்னு இருக்கற ஓடைத் தண்ணில இறங்குது, உள்ள இருக்கற காத்து சுருங்குது, காத்து போய் வர்ற ஓட்டையான ப்ரீதர் அடைச்சிருந்தா, இல்லன்னா தண்ணிக்குள்ளயே இருந்தா, சீல் வழியாவோ ப்ரீதர் வழியாவோ தண்ணிய உறிஞ்சிடும். ரெண்டு ஆக்ஸில், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நாலுலயும் ப்ரீதருக்கு ஹோஸ் மாட்டி இன்ஜின் பே மேல வரைக்கும் கொண்டு போங்க, அரை நாள் வேலை. ஸ்நார்க்கலுக்கு முன்னாடி இத பண்ணுங்க. ஏற்கனவே பால் மாதிரி ஆயிருந்தா அந்த ஆயில்ல ஓட்டாதீங்க, வடிச்சுட்டு புதுசு ஊத்தி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி வடிச்சுப் பாருங்க. ரெண்டாவது தடவையும் கலங்கலா வந்தா இன்னொரு முறை மாத்திட்டு, ஆக்ஸில் சீலையும் பாத்துடுங்க.